எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்

"தம்பி, அது என்னை உள்ள விட மாட்டேங்குது."

காலையில் மேசையைத் துடைத்து முடிப்பதற்குள் பிளம்பரின் அழைப்பு வந்துவிட்டது. கணினிக்காரன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பொறுமையாகத்தான் ஆரம்பித்தான்.

"நான் அனுப்பின பாஸ்வேர்டை அப்படியே அடிச்சீங்களாண்ணே?"

"அப்படியேதான் அடிச்சேன். நடுவுல ஒரு சின்னக் கோடு இருந்துச்சு. ஏதோ கை தவறி விழுந்ததுன்னு அத மட்டும் விட்டுட்டேன்."

"அந்தக் கோடும் சேத்துதாண்ணே பாஸ்வேர்டு."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

அவர் போனை வைத்தால் அடுத்து எலக்ட்ரீஷியன். அவர் பாஸ்வேர்டைச் சரியாக அடித்து உள்ளே போயிருந்தார். ஆனால் பெயிண்டரின் படங்கள் தன் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று அவருக்குக் கோபம். "எங்கிட்ட மட்டும் எதையோ ஒளிச்சு வைக்கிறீங்க" என்றார். அவரைச் சமாதானப்படுத்திப் போனை வைத்தால் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவர் பாஸ்வேர்டைத் தன் மனைவியின் போனில் சேமித்திருந்தார். மனைவி கோபித்துக்கொண்டு போனோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதிகள் சிலவற்றை நடத்தும் சின்ன நிறுவனம் அது. கட்டடங்கள் எல்லாம் வயதானவை. ஒரேயடியாகப் பழுதுபார்த்துவிடலாம் என்று முடிவு செய்ததில் குழாய், மின்சாரம், பெயிண்ட், லிஃப்ட் என்று வெளி ஒப்பந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஆளாளுக்குக் கட்டடத்தின் வரைபடம் வேண்டும். போனில் அனுப்பிப் பார்த்தார்கள். ஒருவருக்குப் பழைய படமும் இன்னொருவருக்குப் புதிய படமும் போய், எப்போதோ இடித்துவிட்ட சுவரைத் தேடி ஆட்கள் மாடி மாடியாக அலைந்தார்கள். மேனேஜர் கணினிக்காரனைக் கூப்பிட்டு, "எல்லாப் படத்தையும் ஒரே இடத்துல வை. வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கட்டும்" என்றார்.

அவன் ஒழுங்காகத்தான் செய்தான். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்தெடுத்து, தன் மேசைக்கு அடியில் வைத்து, இணையம் வழியாக வெளியாட்கள் வந்து படங்களை எடுத்துக்கொள்கிற சின்ன சர்வராக மாற்றினான். ஒவ்வொரு ஒப்பந்தக்காரருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்ட், தனி ஃபோல்டர். பிளம்பருக்குக் குழாய்ப் படம் மட்டும் தெரியும். எலக்ட்ரீஷியனுக்கு மின்கம்பிப் படம் மட்டும். வேலை முடிந்ததும் அவரவர் கணக்கு தானாக மூடிக்கொள்ளும். குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஒரே சங்கடம், அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் மனிதர்கள்.

போன் ஓயவில்லை. மண்டை காய்ந்துபோய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, அவங்க வேலை பாக்கறதா, உன் பாஸ்வேர்ட மனப்பாடம் பண்றதா?"

மேனேஜர் சொன்னது அவ்வளவுதான். மற்றதை இவனே செய்தான். எல்லாத் தடுப்பையும் எடுத்தான். எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், எல்லா ஃபோல்டரும் எல்லோருக்கும். பாஸ்வேர்ட் வேறொன்றுமில்லை, நிறுவனத்தின் பெயரேதான். கேட்டவர்கள் எல்லோரும் "இப்பதான் தம்பி வழிக்கு வந்தீங்க" என்று பாராட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் அம்மா ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து வைத்தார். விடுதிகளின் பராமரிப்பு முழுக்க அவர் பொறுப்பு. அவரிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. பெண்கள் இருக்கிற அறைக்குள் எந்த வேலையாளும் வெறுமனே கதவைத் தட்டிவிட்டு நுழையக் கூடாது. தன்னிடம் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து, உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வந்த பிறகுதான் கதவில் கை வைக்க வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு மாடியின் வரைபடத்திலும், ஒவ்வொரு கட்டிலின் மேலும், அதில் படுப்பவரின் பெயரைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். பெண்களிடமும் சொல்லியிருந்தார்: "உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டா அது நம்ம ஆளு, தைரியமாத் திறங்க. சும்மா தட்டினா திறக்காதீங்க." அது அவர் அந்தப் பெண்களுக்குக் கொடுத்த மரியாதை. அந்தக் காகிதங்கள் அவர் அலமாரிக்குள் பூட்டியே இருந்தவரை அதில் ஒரு தப்பும் இல்லை.

"எல்லா மாடிப் படமும் ஸ்கேன் பண்ணிட்டேன்பா. இதையும் அதுல போட்டுடு."

"பாத்துட்டுப் போடணுமாம்மா?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நம்ம கட்டடம்தானே."

அவன் பார்க்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. பென்டிரைவில் இருந்ததை அப்படியே இழுத்து சர்வரில் போட்டுவிட்டு டீயை எடுத்தான். அன்று மத்தியானத்துக்கு மேல் ஒரு போன்கூட வரவில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். பிளம்பர் அந்த பாஸ்வேர்டை மோட்டார் அறைச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார் என்று யாரோ வந்து சொன்னபோது அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

அவன் சிரித்திருக்கக் கூடாது. ஏனென்றால் அந்த விடுதிகளில் ஒன்றின் நான்காவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், அவனுடைய அக்கா இருந்தாள். அவள் அங்கே இருப்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அக்காவின் கணவன் ஊருக்கெல்லாம் நல்லவன். பெயிண்ட் கடை வைத்திருந்தான். கடைக்கு வருகிறவர்களை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வீட்டு நலம் விசாரித்துவிட்டுத்தான் வியாபாரம் பேசுவான். மாமியாரை "அத்தை அத்தை" என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்வான். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டால் வேறு ஆள். துணியைச் சரியாக மடிக்கவில்லை என்று ஒரு நாள் அடி, போனை எடுக்கத் தாமதமானது என்று ஒரு நாள் அடி. முதல் தடவை அவள் அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தபோது, எல்லோரும் சொன்னதையே தம்பியும் சொன்னான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போக்கா. மாமா கோபக்காரருதான், ஆனா மனசு நல்ல மனசு." அவனே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டும் வந்தான்.

அடுத்த தடவை அவள் மணிக்கட்டு முறிந்து வந்தாள். கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தது. எங்கே ஓடினாலும் தேடிப் பிடித்து உயிரை எடுக்காமல் விட மாட்டேன் என்று கணவன் அனுப்பிய குரல் பதிவை அவள் போட்டுக் காட்டினாள். அன்றைக்கே யாருக்கும் சொல்லாமல் அவளைக் கொண்டுவந்து இந்த விடுதியில் சேர்த்தான். அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் மாப்பிள்ளையிடம் சொன்ன மாதிரி. அலுவலகத்தில்கூட தூரத்துச் சொந்தம் என்றுதான் சொல்லி வைத்தான். பகலெல்லாம் போனை அணைத்தே வை, சாயங்காலம் என்னோடு பேச மட்டும் போட்டுக்கொள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான்.

அக்கா மெல்ல மெல்லத் தேறினாள். பக்கத்தில் ஒரு தையல் கூடத்தில் வேலை கிடைத்தது. அறைத் தோழிகளோடு சேர்ந்து சிரிக்கிற சத்தம் சாயங்காலப் பேச்சின் பின்னால் கேட்க ஆரம்பித்தது. "உனக்கு மட்டும்தான்டா தெரியும். அந்த ஒரு தைரியத்துலதான் கண்ண மூடறேன்" என்று ஒரு நாள் சொன்னாள்.

எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் ஆகிச் சில நாள் கழித்து, ஒரு முற்பகலில் அம்மா போன் செய்தாள்.

"அக்கா எங்க இருக்கான்னு எங்கிட்டகூட மறைச்சிட்டியேடா. பெத்தவ நான் என்ன ஊரான் வீட்டுப் பொம்பளையா?"

அவன் எழுந்து நின்றுவிட்டான். அம்மாவின் குரலில் கோபம் இல்லை, சந்தோஷம் இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"என்னம்மா சொல்ற?"

"போகட்டும் விடு. மாப்பிள்ளையே கண்டுபிடிச்சிட்டாரு. காலையில வந்திருந்தாரு. பாவம், பாதியா இளைச்சுப் போயிட்டாருடா. இன்னைக்கே போய்க் கையோட கூட்டிட்டு வந்துடறேன் அத்தைன்னு சொல்லிட்டுப் போனாரு."

"எங்கன்னு சொன்னாரு? அம்மா, எங்க இருக்கான்னு சொன்னாரு?"

"ஏதோ விடுதியாமே. நாலாவது மாடியாம், ஜன்னலோரக் கட்டிலாம். கட்டில் வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காரு. பொண்டாட்டி மேல எவ்வளவு பாசம் இருந்தா இப்படி விசாரிப்பாரு!"

மாடி தெரிவது வேறு. கட்டில் எப்படித் தெரியும்? சர்வரைத் திறந்து, தான் பார்க்காமல் போட்ட ஃபோல்டருக்குள் போய், நான்காவது மாடியின் படத்தைத் தட்டினான். சுவர்கள், கதவுகள், ஜன்னல்கள். ஒவ்வொரு கட்டிலின் மேலும் சூப்பர்வைசர் அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில் ஒவ்வொரு பெயர். ஜன்னலோரத்தில் அக்காவின் பெயர், முன்னால் அவள் கணவன் பெயரின் முதலெழுத்தோடு. ஐயோ என்று வாய்விட்டே சொன்னான்.

குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டு சர்வரின் வயரைப் பிடுங்கி எறிந்தான். எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்ட பிறகு பிடுங்கி என்ன பயன் என்பது பிடுங்கும்போதே அவனுக்குத் தெரிந்தது. அக்காவுக்குப் போன் செய்தான். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அவன் சொல்லிக் கொடுத்தபடியே அவள் அணைத்து வைத்திருந்தாள். சூப்பர்வைசர் அம்மாவுக்கு அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. விடுதி வரவேற்பில் உட்காரும் பெண்மணிதான் எடுத்தாள்.

"நாலாவது மாடியில இன்னைக்குப் பெயிண்ட் வேலை தம்பி. அறைக்கு ஒருத்தராவது இருந்து சாமானப் பாத்துக்கணும்னு சொன்னோம். உங்க சொந்தக்காரப் பொண்ணுதான் லீவு போட்டு இருக்கு."

"யாராவது அவளப் பாக்க வந்தாங்களா?"

"யாரும் வரலையே. பெயிண்டர் வந்தாரு, கூட அவருக்கு பெயிண்ட் குடுக்கற கடைக்காரரு ஒருத்தரு வந்தாரு. நல்ல மனுஷன், என்கிட்டகூட நல்லா இருக்கீங்களாம்மான்னு கேட்டுட்டுதான் மேல போனாரு. போய் நேரமாச்சே."

அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டான்.

"அம்மா, உங்கள கும்பிட்டுக் கேக்கறேன். மேல ஓடுங்க. அந்த ஆளை அந்த அறைய விட்டு வெளிய இழுங்க. அது அவ புருஷன்."

அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"புருஷனா? அப்படின்னா நான் எப்படித் தம்பி நடுவுல போறது? புருஷன் பொண்டாட்டி விவகாரமாச்சே."

கெஞ்சினான், திட்டினான், மறுபடி கெஞ்சினான். போய்ப் பார்க்கிறேன் என்று அரைமனதாகச் சொல்லிவிட்டு வைத்தாள். மாடிப்படியில் இறங்கிக்கொண்டே போலீசுக்குச் சொன்னான். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். பைக்கில் போகும்போது அவன் சாலையைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். யார் யாரோ கத்தினார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் அந்தக் குரல் பதிவு அவன் காதில் ஓடியது. உயிரை எடுக்காமல் விட மாட்டேன். கடவுளே, அவள் கதவைத் திறந்திருக்கக் கூடாது, திறந்திருக்கக் கூடாது என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திறக்க வேண்டும் என்றுதானே அங்கே பழக்கியிருக்கிறார்கள்.

லிஃப்ட் ஓடவில்லை. படிகளில் விழுந்து எழுந்து ஓடினான். நான்காவது மாடியில் புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. அக்காவின் அறைக்கு வெளியே பெயிண்டர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கதவில் சாய்ந்து, மனசு நிறைந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். வரவேற்புப் பெண்மணி கொஞ்சம் தள்ளி, போவதா வேண்டாமா என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதீங்க தம்பி" என்றார் பெயிண்டர். "உள்ள புருஷனும் பொண்டாட்டியும் பேசிட்டிருக்காங்க. சுவர் அளவு பாக்கறதுக்காக இவரு கடையில வச்சு இந்தப் படத்தத் திறந்தேன். அந்தப் பேரப் பாத்ததும் மனுஷன் அழுதே போயிட்டாரு. கோவிச்சுட்டுப் போன சம்சாரமாம். நான்தான் கூட்டிட்டு வந்தேன். நான்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு குடும்பம் சேந்தா நமக்கும் புண்ணியம்தானே?"

அவரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தான்.

அவன் பயந்த மாதிரி ரத்தம் எதுவும் இல்லை. மாமா கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் ஓரம் சேர்த்து, கவனமாக மடித்து. அழவில்லை, எதிர்க்கவில்லை. கதவு திறந்த சத்தத்துக்குக்கூட நிமிரவில்லை.

"வா மச்சான்" என்றார் மாமா, சிரித்த முகமாக. "நீ சொன்ன அடையாளத்த வச்சு நேரா வந்துட்டேன் பாத்தியா. கட்டில் முதக்கொண்டு சரியா இருந்துச்சு. அதத்தான் உங்க அக்காகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

அக்கா அப்போதும் தம்பியைப் பார்க்கவில்லை. கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுத்திருக்கக் கூடாதா? நான் எங்கயாவது ஓடியாவது போயிருப்பேனே."

அவள் ஏன் கத்தவில்லை, ஏன் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த இடம் தம்பி ஒருவனுக்குத்தான் தெரியும். அவனே காட்டிக் கொடுத்துவிட்டான் என்றால் அப்புறம் யாரைக் கூப்பிடுவது? ஏற்கெனவே ஒரு தடவை கொண்டுபோய் விட்டவன்தானே. அவளை அடித்து முறிக்க வேண்டிய அவசியமே மாமாவுக்கு இருக்கவில்லை.

நான் இல்லக்கா என்ற வார்த்தை அவன் வாய் வரைக்கும் வந்தது. அது பொய்.

"நான்தான்க்கா. என் கையாலதான் போச்சு" என்றான். குரல் உடைந்தது. "ஆனா இவருக்கு நான் சொல்லல. உன் பேர் போட்ட படம் என் கைல இருந்துச்சு. திறந்துகூடப் பாக்காம ஊருக்கே திறந்து விட்டுட்டேன். போன் வந்து தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு, என் வேலை சுலபமாகட்டும்னு செஞ்சேன். உன்னை யாரும் அனுப்பல. போகாதக்கா. செத்தாலும் இந்தத் தடவை நான் உன்னை அனுப்ப மாட்டேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் எதையோ தேடினாள். பிறகு பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டிலில் கொட்டினாள்.

மாமாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார், முறிந்து சேர்ந்த அதே மணிக்கட்டை. அவள் அலறினாள். தம்பி குறுக்கே பாய்ந்தான். ஒரே தள்ளில் அவன் தலை கட்டில் கம்பியில் போய் மோதியது. கண்ணில் ரத்தம் இறங்கியது. ஆனாலும் அவன் மாமாவின் காலைப் பிடித்த பிடியை விடவில்லை. முகத்தில் உதை விழுந்தபோதும் விடவில்லை. வாசலில் நின்ற பெயிண்டர் "ஐயோ, நீங்களா, என்னங்க இது, என்னங்க இது" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று பெயிண்ட் வேலைக்காக எல்லா அறையிலும் பெண்கள் இருந்தார்கள். அலறல் கேட்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"குடும்ப விஷயம்மா, நீங்கள்லாம் போங்க" என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"கைய எடு" என்றாள் முன்னால் நின்ற ஒரு நர்ஸ். அவ்வளவுதான் சொன்னாள். போலீஸ் வந்து மாமாவை அழைத்துக்கொண்டு போகும்வரை ஒருத்தியும் வாசலை விட்டு நகரவில்லை.

சூப்பர்வைசர் அம்மா வேறொரு விடுதியிலிருந்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததைக் கேட்டவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மரியாதைக்குத்தானேடா பேர் எழுதினேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நர்ஸ்தான் முதலில் கேட்டாள்.

"அந்தப் படத்துல எங்க பேரும் இருக்கா?"

தம்பி நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்தபடி தலையாட்டினான்.

நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னதற்காக அவளுடைய அண்ணன் அவளைத் தேடிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி சட்டென்று அறைக்குள் போய்ப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். அவள் யாருக்குப் பயந்து இங்கே வந்தாள் என்று அந்த விடுதியில் ஒருவருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை. யார் யார் அந்தப் படத்தை எடுத்தார்கள், எந்தக் கடையில் திறந்தார்கள், எவன் போனில் இப்போது இருக்கிறது என்று எல்லோரும் அவனைக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பெயர் என்று வைத்தவனுக்கு யார் எடுத்தார்கள் என்று எப்படித் தெரியும்?

அந்த நேரத்தில் மேனேஜர் போன் செய்தார்.

"என்னப்பா, சர்வர் நின்னு போச்சாம். ஆளாளுக்கு என் உயிர வாங்கறாங்க. நடந்தது கேள்விப்பட்டேன், கஷ்டம்தான். ஆனா அந்தப் பொண்ணுதான் இனி அங்க இருக்கப் போறதில்லையே. அந்த ஒரு பேர மட்டும் அழிச்சிட்டுத் திறந்து விட்டுடு."

"திறக்க மாட்டேன் சார்."

"வேலை நிக்குதுப்பா."

"நிக்கட்டும் சார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா குடுப்பேன். தேவைப்படறத மட்டும் குடுப்பேன். ஒரு படத்துலயும் ஒரு பேரும் இருக்காது. நாள் முழுக்க போன் வந்தாலும் நானே எடுத்துப் பதில் சொல்லிக்கறேன். அது பிடிக்கலைன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

மேனேஜர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவன் வைத்துவிட்டான்.

மத்தியானம், இப்படிப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கிற அமைப்பிலிருந்து ஒரு அம்மா காரில் வந்தார். அக்கா கொட்டிய துணிகளை மறுபடி பையில் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை மடிக்கவில்லை, அள்ளித் திணித்தாள். கூடவே கீழே இறங்கி வந்தான் தம்பி. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவன் நெற்றிக் காயத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா." பிறகு, "நான் கெட்ட எண்ணத்துல செய்யலக்கா" என்றான். சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"தெரியும்டா. யாருமே கெட்ட எண்ணத்துல செய்யல. அந்தம்மா மரியாதைக்குப் பேர் எழுதினாங்க. பெயிண்டர் புண்ணியத்துக்குக் கூட்டிட்டு வந்தாரு. நீ வேலை சுலபமாகட்டும்னு திறந்து விட்ட. கெட்டவன் ஒருத்தன்தான்டா. அவனுக்குக் கதவு திறந்தவங்க எல்லாரும் நல்லவங்க." மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஒருத்தர் எங்க இருக்காங்க, யாருன்னு உன் கைல ஒரு விவரம் இருந்தா அது உன் பொருள் இல்ல. உன்ன நம்பிக் குடுத்து வச்சது. உன் சௌகரியத்துக்கு அத நாலு பேர் கைல விட உனக்கு உரிமை கிடையாது. என் விலாசம் என் உயிருடா. உனக்கு அது ஒரு படத்துல ஒரு எழுத்து. எனக்கு உயிரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் காரில் ஏறினாள். வந்திருந்த அம்மா அவன் நிலையைப் பார்த்து இரக்கப்பட்டு, கண்ணாடியை இறக்கினார்.

"கவலப்படாதீங்க தம்பி. தம்பிங்கறதால சொல்றேன், நாங்க போற இடம்..."

"வேண்டாம்மா!" என்று கத்தியே விட்டான். "சொல்லாதீங்க. எனக்கும் சொல்லாதீங்க. எங்க அம்மா கேப்பாங்க, ஊரு கேக்கும். தெரியலன்னு நான் சத்தியமா சொல்லணும்."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் நகர்ந்தது. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுகூடத் தனக்குத் தெரியக் கூடாது என்று அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சத்தம் முழுக்க அடங்கும்வரை அப்படியே நின்றான்.